எழுந்ததும் ஏன் கண் இருட்டுகிறது?

கேள்வி: வயது 62. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. காலையில் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. பிரஷர் பார்த்தால் சரியாகவே இருக்கிறதே?

பதில்: உட்கார வைத்துப் பார்த்திருப்பார்கள். உங்களுக்கு எழுந்து நிற்கும்போது மட்டும் பிரஷர் இறங்கலாம். எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால், வயிற்றுப் பக்கம் இறங்கும். கழுத்துத் தமனியின் அழுத்த உணர்விகள் இதை மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சொல்ல, தானாக இயங்கும் பரிவு நரம்புகள் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். இதயத் துடிப்பைக் குறைத்து வைக்கும் வேகஸ் நரம்பு பிடியைத் தளர்த்த, நாடி ஏறும். எல்லாம் சில நொடிகளில், நம்மைக் கேட்காமலே! நீண்டகாலச் சர்க்கரை இந்த நரம்புகளைக் கெடுக்கும். சில பிரஷர் மாத்திரைகள், புராஸ்டேட் மாத்திரைகளும் குழாயைச் சுருங்கவிடாது. அப்போது பிரஷர் இறங்கி, மூளைக்கு ரத்தம் குறைந்து கண் இருட்டும்.

5 நிமிடம் படுத்து பிரஷரும் நாடியும் பாருங்கள். எழுந்து நின்று 1, 3 நிமிடங்களில் மறுபடி. மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எழுந்ததும் பிரஷர் இறங்கும் கோளாறு உறுதி. நாடி ஏறவே இல்லையென்றால் நரம்பின் மீதுதான் சந்தேகம். குறிப்பை மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அதுவரை, கட்டில் ஓரத்தில் 2 நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை இருபது முறை மேலும் கீழும் ஆட்டிவிட்டு எழுங்கள். இரவில் சிறுநீர் கழிக்க எழும்போதுதான் பலரும் விழுகிறார்கள்; அப்போதும் இதேதான்.