கடற்கரை வீட்டில் பழைய கணினிக்கு வைஃபை: ஒரு நாள் கேள்வி பதில்

ராமநாதபுரத்தில் கணினி பழுது பார்க்கத் தொடங்கி எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது, பரணில் கிடக்கும் மேசைக் கணினியை அதோடு இணைக்க முடியுமா என்று இந்த மாதம் பலர் கேட்டுவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து பதில் எழுதினேன். பிரிண்டர், தொலைக்காட்சி பற்றி வந்தவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

உச்சிப்புளி, கல்லூரி மாணவி: அண்ணா, அப்பா 2010இல் வாங்கிய கணினி, விண்டோஸ் 7. நன்றாக ஓடுகிறது. ஆனால் வைஃபை அடையாளமே காணோம். என்ன வாங்க வேண்டும்?

முதலில் எதையும் வாங்க வேண்டாம், தங்கச்சி. அந்தக் காலத்து மேசைக் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு வைஃபை பிடிக்கும் உறுப்பே கிடையாது. அதனால்தான் அடையாளம் இல்லை, பழுது எதுவும் இல்லை. வீட்டில் ஆண்ட்ராய்டு கைப்பேசி இருக்குமே, அதை வைஃபையில் இணைத்துவிட்டு, சார்ஜ் போடும் கம்பியால் கணினியில் செருகு. கைப்பேசியின் அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்' என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால், பெரும்பாலான கைப்பேசிகளில், வைஃபை கைப்பேசி வழியாகக் கணினிக்கு வந்துவிடும். செலவு ஒன்றுமில்லை. இந்தக் கணினி இன்றைய இணையத்தைத் தாங்குமா என்பதும் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

தாங்குகிறது என்றால் யூஎஸ்பியில் செருகும் வைஃபை டாங்கிள் ஒன்று வாங்கலாம், வைஃபை பிடிக்கும் சிறு கருவி அது. அட்டையில் விண்டோஸ் 7 என்று எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடு. கடைக்காரர் வாயால் சொல்வது போதாது. டாங்கிளை இயக்கக் கணினிக்குத் தேவையான மென்பொருளை டிரைவர் என்பார்கள், சில டாங்கிள்களில் அது உள்ளேயே இருக்கும். செருகியதும் ஒரு சிடி போலத் திரையில் தெரியும், அதைத் திறந்து நிறுவ வேண்டும். மற்றவற்றுக்கு இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இணையம் இல்லாத கணினிக்கு இணையத்திலிருந்து எப்படி இறக்குவது? அதற்கும் அந்தக் கைப்பேசிக் கம்பிதான் வழி.

ஒரு எச்சரிக்கை. டாங்கிளைச் சிபியுவின் பின்பக்கத்தில் நேராகச் செருகாதே. அந்தப் பெட்டி இரும்புத் தகடு. பின்னால் சுவர், பக்கத்தில் பீரோ, நடுவில் விரல் நுனி அளவுக்கு ஒரு டாங்கிள் என்றால் அது என்னதான் செய்யும்? ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி வாங்கி, டாங்கிளை மேசைக்கு மேலே கொண்டுவந்து வை. முன்பக்க யூஎஸ்பி வேண்டாம். நம் ஊர்க் காற்றில் முதலில் துரு ஏறுவது அதில்தான்.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று ஆதரவை நிறுத்திவிட்டது. பாடக் குறிப்புகள் படிக்கலாம், தட்டச்சு செய்யலாம். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதே.

கீழக்கரை, வணிகர்: தம்பி, வைஃபை தரும் ரவுட்டர் தலைவாசல் அறையில் இருக்கிறது. கணினி இரண்டு கட்டு தள்ளி. கைப்பேசியிலேயே அங்கே ஒரு கோடுதான் காட்டுகிறது.

காக்கா (கீழக்கரையில் அண்ணனை அப்படித்தான் அழைப்போம்), உங்கள் ஊர்ப் பழைய வீடுகளின் சுவரை நான் துளைத்துப் பார்த்திருக்கிறேன். கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்து அத்தனை கனம். அப்படி இரண்டு சுவரைக் கடந்து வைஃபை வந்தாலும் இளைத்துப்போய்த்தான் வரும். ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசை இருந்தால் 2.4ஐப் பிடியுங்கள். வேகம் குறைவு, ஆனால் சுவரை அதுதான் கூடுதலாகத் தாங்கும். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டுக்கு வைஃபையே வேண்டாம். ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளைச் சுவரோரமாக இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாராளமாக ஓடும், பழைய கணினியின் பின்னால் அதற்கான துளை அநேகமாக இருக்கும், டாங்கிளும் தேவையில்லை.

தொண்டி: விண்டோஸ் எக்ஸ்பி கணினிக்கு எந்த டாங்கிள் நல்லது?

எதுவும் வேண்டாம். எக்ஸ்பிக்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது. டாங்கிள் வேலை செய்தாலும் அதிலுள்ள பழைய பிரௌசரில் இன்றைய தளங்கள் பலவும் திறக்காது. கணினியின் வேலை நினைவகமான ரேம் 2 ஜிபி இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இயங்குதளமான லினக்ஸின் எளிய வகை ஒன்றை நிறுவிப் பாருங்கள்.

தேவிபட்டினம், ஆசிரியை: வைஃபை இணைந்துவிட்டது, கோடுகள் முழுமையாக இருக்கின்றன. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானது அல்ல' என்று சிவப்பாக வருகிறது. டாங்கிளைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கொடுத்துவிடாதீர்கள், டீச்சர்! திரையின் வலது மூலையில் தேதியைப் பாருங்கள். 2009, 2010 என்று பழைய ஆண்டு ஏதாவது காட்டும் என்றே நினைக்கிறேன்.

கணினிக்குள் இருக்கும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போல வட்டமான பேட்டரி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் சிஆர் 2032, 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். பல ஆண்டுகள் பரணில் கிடந்த கணினியில் அது செத்திருக்கும். ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினி தன் பழைய தேதிக்குப் போய்விடும். இணையதளம் ஒவ்வொன்றும் 'இந்த நாள் முதல் இந்த நாள் வரை செல்லும்' என்று ஒரு சான்றிதழைக் காட்டும். உங்கள் கணினி 2009இல் நின்றுகொண்டு இன்றைய சான்றிதழைப் பார்க்கிறது, செல்லாது என்று தள்ளிவிடுகிறது. தேதியைச் சரிசெய்யுங்கள், உடனே திறக்கும். பிறகு மின்கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். இந்தச் சிறு பேட்டரிக்காகக் குப்பைக்குப் போன கணினிகளைப் பார்த்திருக்கிறேன். மனம் பொறுக்கவில்லை.

ஏர்வாடி: விண்டோஸ் 7க்கு என்ன வாங்க வேண்டும்?

உச்சிப்புளித் தங்கைக்குச் சொன்னதுதான்.

தங்கச்சிமடம், படகு உரிமையாளர்: என் கணினி வலைக் கொட்டகையில் இருக்கிறது, டீசல் கணக்குப் பார்க்க. வாடைக் காலத்தில் வைஃபை நன்றாக வருகிறது. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று தொடங்கினால் படுத்துவிடுகிறது. காற்று அலையைத் தள்ளிவிடுகிறது என்கிறேன், மகன் சிரிக்கிறான்.

அண்ணன், மகன் சிரித்திருக்க வேண்டாம், ஆனால் அவன் சொல்வதுதான் சரி. எதிர்க்காற்றில் கூப்பிட்டால் அடுத்த படகுக்குக் கேட்காது, ஏனென்றால் ஒலி காற்றில்தான் பயணம் செய்கிறது. வைஃபை ரேடியோ அலை. அதற்குக் காற்றே தேவையில்லை, வெற்றிடத்திலும் போகும். நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் போவதை எந்தக் கச்சானும் தள்ள முடியாது.

மண்டபம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எண்பதுகளில் எங்கள் தெருவில் உயரமான ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி பார்த்தோம். சில இரவுகளில் பளிங்கு போலத் தெரியும், காற்று அடிக்கும் நாட்களில் புள்ளிகளாகிவிடும். அனுபவத்தில் கண்டதை எப்படி மறுப்பீர்கள்?

ஐயா, நீங்கள் கண்டதை மறுக்கவே மாட்டேன், அது உண்மை. ரூபவாஹினி 1982இல் தொடங்கியது, நம் கரையில் அதைப் பார்த்து வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். கடல் மேல் ஈரமான குளிர்ந்த காற்று படுத்திருக்கும், அதற்கு மேல் நிலத்திலிருந்து வரும் வெப்பக் காற்று போர்வை போல மூடும். அப்படிப்பட்ட அமைதியான இரவில் ரேடியோ அலை அந்த இரண்டு அடுக்குக்கும் இடையே வளைந்து, வாய்க்காலில் நீர் ஓடுவதுபோல அடிவானத்தையும் தாண்டி வரும். பலமான காற்று அடித்தால் அடுக்குகள் கலந்துவிடும், வாய்க்கால் உடைந்துவிடும். உங்கள் புள்ளிகளுக்குக் காரணம் அதுதான். ஆனால் அது கடல் கடந்து வரும் அலைக்கு நடப்பது. அண்ணனின் ரவுட்டருக்கும் கொட்டகைக்கும் இடையே எத்தனை அடி? வளைவதற்கு அங்கே தொலைவே இல்லை.

தங்கச்சிமடம், படகு உரிமையாளர்: முப்பது அடிதான். ஆனாலும் மூன்று ஆண்டாகப் பார்க்கிறேன். ஒவ்வொரு ஆனி, ஆடியிலும் இதேதான்.

மூன்று ஆண்டு ஒரே மாதிரி நடந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீர வேண்டும், அண்ணன். அதைத்தான் தேட வேண்டும். அந்த மாதங்களில் கொட்டகையில் எதை மாற்றுகிறீர்கள்?

தங்கச்சிமடம், படகு உரிமையாளர்: எதையும் மாற்றுவதில்லை. மணல் அடிக்கும், அதனால் மேற்குப் பக்கம் தகரம் வைத்து மறைப்போம். அவ்வளவுதான்.

வீடு கொட்டகைக்கு மேற்கில்தானே இருக்கிறது?

தங்கச்சிமடம், படகு உரிமையாளர்: ஆமாம்.

கிடைத்துவிட்டது! தகரம் கண்ணாடி போல அலையைத் திருப்பி அனுப்பிவிடும். உங்கள் கணினியை நீங்களே அந்த மாதங்களில் தகரத்துக்குப் பின்னால் உட்கார வைக்கிறீர்கள். கச்சான் வருகிறது, அதனால் தகரம் வருகிறது, அதனால் வைஃபை போகிறது. நீங்கள் கவனித்தது முழுக்கச் சரி, நடுவில் ஒரு கண்ணி மட்டும் விடுபட்டுவிட்டது. தகரத்தை எடுக்க வேண்டாம், மணல் கணினிக்கு இன்னும் கேடு. நீட்டிப்புக் கம்பியில் டாங்கிளைக் கட்டித் தகரத்தின் விளிம்புக்கு மேலே தூக்கி வையுங்கள்.

பெரியபட்டினம்: அப்படியானால் எங்கள் வீட்டில் தென்னை ஓலை ஆடும்போது குறைவது ஏன்? இங்கே தகரம் இல்லை.

வெளியே தோட்டம் கடந்து அலை போகிறது என்றால் ஓலை தடுக்கும், நனைந்த ஓலை இன்னும் தடுக்கும். அலையைக் குடிப்பது ஓலையில் உள்ள நீர், காற்று அல்ல. காற்றைப் பற்றி இத்தோடு நிறுத்துகிறேன். இதே பொருளில் வந்த மற்ற ஒன்பது கேள்விகளுக்கும் இதுவே பதில்.

பாம்பன்: டாங்கிள் செருகினால் ஒரு நேரம் தெரிகிறது, ஒரு நேரம் மறைகிறது. துளையில் பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது.

அது உப்பின் வேலை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலோரத்தில் அந்த ஈரப்பதம் அரிதில்லை. அந்த உப்பு நீர் உலோகத்தைத் தின்று பச்சைப் படிவமாக விட்டுவிடுகிறது. மின்கம்பியைப் பிடுங்குங்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மென்மையான தூரிகையில் தொட்டுத் துடையுங்கள், முழுக்கக் காய்ந்த பிறகே இயக்குங்கள். மண்ணெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கூடவே கூடாது. ஈரத்துணி அதைவிட மோசம். ரேமைக் கழற்றி அதன் பொன்னிற முனைகளை அழிரப்பரால் லேசாகத் தேய்த்தால் பாதி நோய் தீரும்.

கடற்கரையில் கணினியை மூடி வைத்துப் பாதுகாப்பதாக நினைக்கிறோம். உறைக்குள் ஈரம் தேங்கிவிடுகிறது. தினமும் ஒரு மணி நேரம் ஓடும் கணினி அந்தச் சூட்டிலேயே உலர்ந்திருக்கும்.

சாயல்குடி: அண்ணா, எந்த டாங்கிள் வாங்கலாம்?

மேலே இருக்கிறது. படியுங்கள், தம்பி. அட்டையையும் படியுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு சிப்புகள் வருகின்றன. டிபி-லிங்க் 722என் என்பதன் முதல் பதிப்பில் ஏதெராஸ் சிப், அடுத்த பதிப்பில் ரியல்டெக். முன்னது லினக்ஸில் எளிதாக ஓடும், பின்னது அப்படியல்ல. ஒரு பெயரை மட்டும் சொல்லி உங்களைக் கடைக்கு அனுப்ப நான் தயங்குவது இதனால்தான்.

வாலிநோக்கம்: எதிர்வீட்டு அண்ணன் வீட்டிலிருந்து தெருவைத் தாண்டி லேன் கேபிள் இழுக்கலாமா?

வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும்போது இரண்டு வீட்டுக்கும் நடுவே தொங்கும் கேபிளில் உள்ள செம்பு, மின்னல் தூண்டும் மின்சாரத்தை இரண்டு வீட்டுக்குள்ளும் கொண்டுவரும். ஃபைபரின் கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, செம்பு கடத்தும். கணினி போனால் வாங்கிக்கொள்ளலாம், பக்கத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தால்? இடி கேட்டால் ரவுட்டரின் பிளக்கையும் கணினியின் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள்.

முதுகுளத்தூர்: டாங்கிள் வேலை செய்கிறது, அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் தெரிகிறது, என் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். உங்கள் ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பெயர் காட்டுகிறது, மலிவான டாங்கிளுக்கு 2.4 மட்டுமே தெரியும். அல்லது 2.4இன் உட்பிரிவுகளான சேனல்களில் 12, 13இல் நிற்கிறது, சில டாங்கிள்கள் 11க்கு மேல் பார்க்காது. 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றை வையுங்கள். பெயர் தெரிந்தும் கடவுச்சொல்லை ஏற்கவில்லை என்றால் ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 3இல் மட்டும் இருக்கிறதா என்று பார்த்து, டபிள்யூபிஏ 2ஐயும் அனுமதியுங்கள்.

ராமேஸ்வரம்: பின்பக்கம் செருகினேன், ஒரு கோடுதான் வருகிறது.

இன்று இதே கேள்வி ஐந்தாவது முறை. இரும்புக்குப் பின்னால் செருகாதீர்கள். நீட்டிப்புக் கம்பி!

தங்கச்சிமடம், படகு உரிமையாளர்: தம்பி, டாங்கிளை மூங்கிலில் கட்டித் தகரத்துக்கு மேலே தூக்கினோம். நாலு கோடு வருகிறது. மகனிடம் காட்டினேன்.

மிக்க மகிழ்ச்சி, அண்ணன். மேலே ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வையுங்கள், உப்புக்காற்று நேராகப் படாமல் இருக்கட்டும். பிளாஸ்டிக் அலையைத் தடுக்காது. தகர டப்பா மட்டும் வேண்டாம்.

உச்சிப்புளி, கல்லூரி மாணவி: அண்ணா, கைப்பேசிக் கம்பியில் இணையம் வந்துவிட்டது! அப்பாவுக்கு நம்பவே முடியவில்லை. நாளை டாங்கிள் வாங்கப் போகிறோம்.

நல்லது, தங்கச்சி. வாங்கிய பிறகு டிரைவரை இறக்கினால் அதன் படி ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள், விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டி வந்தால் அலைய வேண்டியிருக்காது. அந்தக் கடையிலேயே சிஆர் 2032 ஒன்றும் வாங்கிவிடு. நீட்டிப்புக் கம்பியை மறந்துவிடாதே.