கட்டி ஒளிர்கிறது, ஆனால் ஆக்சிஜன் குறைவால்தானா?

கேள்வி: ஆக்சிஜன் குறைந்த பகுதியைக் காட்டும் இரிடியம் சேர்மத்தைச் சுண்டெலிக்கு ஊசி வழியே செலுத்தினேன். தோலடிக் கட்டி பக்கத்துத் தசையைவிட நன்றாக ஒளிர்கிறது. 'கட்டியில் ஆக்சிஜன் குறைவு' என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

பதில்: இந்தப் படத்தை மட்டும் நம்பி எழுதாதீர்கள். ஒளி பட்டதும் இரிடியம் சேர்மம் மும்மை நிலை (triplet) என்ற ஆற்றல் மிகுந்த நிலைக்குப் போகிறது. அங்கிருந்து இறங்கும்போதுதான் சிவப்பாக ஒளிர்கிறது. அதற்குள் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதினால் ஆற்றலை அது வாங்கிக்கொள்ளும், ஒளி வராது. ஆக்சிஜன் குறைந்தால் பிரகாசம் கூடும் என்பது இதனால்தான். ஆனால் சேர்மம் அதிகம் தேங்கினாலும் பிரகாசம் கூடுமே! கட்டியின் இரத்தக் குழாய்கள் கசிபவை, நிணநீர் வடிகாலும் மோசம். தேங்காவிட்டால்தான் ஆச்சரியம்.

எனவே ஒளிர்வின் ஆயுட்காலத்தை அளவிடுங்கள். லேசர் துடிப்பு நின்றபின் ஒளி எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதே அது. சேர்மத்தின் அளவு அதை அவ்வளவாகப் பாதிக்காது. பலரும் கையாளும் பிடிபி (BTP) என்ற இரிடியம் சேர்ம வகைக்கு, ஆக்சிஜன் நீக்கிய கரைசலில் இது சுமார் 6 மைக்ரோ வினாடி. காற்று கலந்தால் வெகுவாகக் குறையும். திசுவின் சொந்த ஒளிர்வு நானோ வினாடிகளில் அணைந்துவிடுவதால், கேமராவைச் சற்றுத் தாமதித்துத் திறந்தால் அந்தத் தொல்லையும் தீரும்.

எந்த ஆயுட்காலம் எவ்வளவு ஆக்சிஜனைக் குறிக்கும் என்று குப்பிக் கரைசலில் எடுத்த அளவுத்திருத்தத்தை அப்படியே எலிக்குப் பொருத்தக் கூடாது. வெப்பநிலை, இரத்தப் புரதமான அல்புமின், செல் சவ்வு எல்லாமே ஆயுட்காலத்தை மாற்றும். 37 டிகிரி செல்சியஸில் செல்களை வைத்தே அளவுத்திருத்தத்தைச் செய்யுங்கள். ஆன்டிமைசின் என்ற தடுப்பு மருந்தைக் கொடுத்துச் செல்களின் சுவாசத்தை நிறுத்தாவிட்டால், செல்லுக்குள் இருக்கும் ஆக்சிஜன் நீங்கள் செலுத்தும் வாயுவில் இருப்பதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆயுட்காலம் அளக்கும் வசதி இல்லையா? நெறிமுறைக் குழுவின் அனுமதிப்படி எலியைக் கருணைக்கொலை செய்யும் கட்டத்தில் கேமராவை அணைக்காமல் விடுங்கள். சுவாசம் நின்றதும் உடல் முழுக்க ஆக்சிஜன் வற்றும். அப்போது தசையும் கட்டி அளவுக்குப் பிரகாசமானால், சேர்மம் அங்கும் இருந்தது, முன்பு அதை அடக்கி வைத்தது ஆக்சிஜன்தான் என்று கொள்ளலாம். தசை மங்கலாகவே கிடந்தால் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தேக்கம். பிறகு கட்டியை வெட்டி, ஆக்சிஜன் குறைந்த செல்களை அடையாளம் காட்டும் பிமோனிடசோல் என்ற சேர்மம் படிந்த இடங்களோடு ஒப்பிடுங்கள். அது ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழே உள்ள செல்களில்தான் ஒட்டும். ஆனால் அதை எலி உயிரோடு இருக்கும்போதே செலுத்தியிருக்க வேண்டும்.

ஒளியை நீண்ட நேரம் பாய்ச்சாதீர்கள். ஆக்சிஜன் மோதும் ஒவ்வொரு முறையும் ஒற்றை நிலை ஆக்சிஜன் (singlet oxygen) என்ற வினைவேகம் மிக்க வடிவம் உருவாகலாம்; அது செல்லைத் தாக்கும், அளக்க வந்த ஆக்சிஜனையும் தின்னும். நீல ஒளியால் தூண்டும் சேர்மமானால் அந்த ஒளி ஆழத்துக்கு இறங்காது. ஆகவே ஆய்வேட்டில் 'கட்டியின் மேற்பகுதி' என்றே குறிப்பிடுங்கள்.