பாட்டியைத் திருத்தாதீர்கள்

அன்புள்ள ஐயா,

பாட்டிக்கு 91 வயது, யீஷூனில் எங்களோடு இருக்கிறார். அவர் சொல்லும் ஜப்பான்காரன் காலத்துக் கதைகளை எழுதி வைக்கிறேன். சிங்கப்பூர் ஜப்பான் கைக்குப் போன பிறகும் குண்டு விழுந்தது என்கிறார். 1942 பிப்ரவரி 15-லேயே எல்லாம் முடிந்ததே, பாட்டி குழப்பிக்கொள்கிறார் என்கிறான் அண்ணன். திருத்தி எழுதலாமா? தமிழில் எதைப் படிக்கலாம்?

அன்புள்ள தங்கை,

என்ன படிப்பது என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் அண்ணனை வாயை மூடிக்கொண்டு பாட்டி பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

பாட்டி சொல்வது சரி. 1942-ல் வெள்ளைக்காரன் சரணடைவதற்கு முன் குண்டு போட்டவன் ஜப்பான்காரன். 1944 நவம்பர் 5 அன்று வந்தவை அமெரிக்காவின் பி-29 விமானங்கள், வங்காளத்திலிருந்து கிளம்பி, செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பல் பழுதுபார்க்கும் துறையைக் குறிவைத்து வந்தவை. 1945 பிப்ரவரியில் துறைமுகக் கிடங்குகள்மேல் தீக்குண்டுகளே போட்டார்கள். துறைமுகம் என்றால் சும்மா கிடங்கா? சுற்றிலும் கூலிவேலை செய்தவர்களின் குடும்பங்கள்!

என் அப்பாயி நேவல் பேஸ் (அந்தக் கடற்படைத் தளம்தான்) தொழிலாளர் லைன் வீட்டில் இருந்தவர். ரெண்டு விதமான பிளேன் வந்தது என்பார், பின்னால் வந்தது ரொம்ப உயரத்தில், வெயில் பட்டால் வெள்ளிக்கிண்ணம் மாதிரி மின்னுமாம். "நம்மளக் காப்பாத்த வர்றான்னாங்க, அவனும் நம்ம தலையிலதான் போட்டான்." கைக்குழந்தையாக இருந்த பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு லோங்காங்குக்குள், அதாவது சாக்கடைக் கால்வாய்க்குள் இறங்கி, அழாமல் இருக்க அவர் வாயில் அவித்த மரவள்ளிக்கிழங்கைத் திணித்தாராம். பதினாறு வயதில் நான் சரித்திரப் புத்தகத்தை அவர் மடியில் வைத்து, "பாருங்க அப்பாயி, நீங்க சொல்ற தேதி தப்பு" என்றேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரிப்பா, நீ படிச்ச புள்ள" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லவே இல்லை. பி-29 பற்றி நான் படித்தபோது அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது.

அதனால்தான் இவ்வளவு கோபம். பாட்டியிடம் தேதி கேட்காதீர்கள், அதை நாம் தேடிக்கொள்ளலாம். எந்த லோங்காங், கூட யார் இறங்கினார்கள், அடுப்பில் அப்போது என்ன இருந்தது, திரும்பி வந்தபோது அது இருந்ததா என்று கேளுங்கள். போனில் பதிவு பண்ணுங்கள், குறுக்கே பேசாதீர்கள். அண்ணன் இன்றைக்கே போய், "பாட்டி, நீங்க சொன்னதுதான் சரி" என்று அவர் காதுபடச் சொல்லட்டும்.