கறுப்புக் கட்டைகள் ஏன் உரசுவதில்லை?

கேள்வி: மகன் கீபோர்ட் வகுப்பில் 'பென்டாடோனிக்' என்று ஐந்து சுரம் படிக்கிறான். மகளின் சங்கீத ரீச்சர் அது மோகனம்தான் என்கிறார். இரண்டும் ஒன்றா? கறுப்புக் கட்டைகளை மட்டும் கண்டபடி அமர்த்தினாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அது எப்படி?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: சுரவரிசை ஒன்றுதான். சி-யில் தொடங்கும் வெள்ளைக் கட்டைகளின் ஏழு சுர வரிசையான சி மேஜரில் எஃப், பி இரண்டையும் தூக்கிவிட்டால் சி, டி, இ, ஜி, ஏ மிஞ்சும். அதுதான் மேஜர் பென்டாடோனிக், நம் கணக்கில் ச ரி2 க3 ப த2 (எண் அந்தச் சுரத்தின் எந்த வகை என்பதைக் காட்டும்). ஆனால் கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடுவது) பிடிகளும் (ராகத்துக்கே உரிய சுரக் கோவைகள்) இல்லாமல் மகன் வாசிப்பதை மோகன ராகம் என்று ரீச்சரிடம் சொல்லிவிடாதீர்கள், கோபம் வரும்.

மேஜர் ஸ்கேலில் அரைச்சுர நெருக்கம், அதாவது நடுவில் வேறு கட்டையே இல்லாமல் ஒட்டி நிற்பது, இரண்டே இடத்தில்தான், இ-க்கும் எஃப்-க்கும் நடுவில் ஒன்று, பி-க்கும் மேல் சி-க்கும் நடுவில் மற்றது. எஃப்பும் பியும் போனதும் அந்த நெருக்கமே இல்லாமல் போகிறது, அதனால் மிச்ச ஐந்தில் எந்த இரண்டை அமர்த்தினாலும் பெரிதாக உரசாது. கறுப்புக் கட்டைகளிலும் அதே கதைதான், எஃப் ஷார்ப்பை (எஃப்புக்கு வலப்பக்கக் கறுப்புக் கட்டை) ஸட்ஜமாக, அதாவது ச-வாக வைத்து மேலே போனால் மோகனம்.

இனி ஒரு வேலை செய்து பாருங்கள். மகன் இடது கையால் டி ஷார்ப்பை சுருதிபோல விடாமல் பிடிக்கட்டும், வலது கை அதே கறுப்புக் கட்டைகளில் டி ஷார்ப்பிலிருந்து ஏறி இறங்கட்டும்: சுத்ததன்யாசி வரும், கிற்றார்காரர்களின் மைனர் பென்டாடோனிக் இதுதான். ஜி ஷார்ப்பைப் பிடித்தால் மத்தியமாவதி, ஏ ஷார்ப்பில் இந்தோளம், சி ஷார்ப்பில் சுத்தசாவேரி. கிரகபேதம் என்று மகள் படிக்கப்போவது, அதே சுரங்களில் ஸட்ஜத்தை மட்டும் மாற்றி வேறு ராகம் எடுக்கும் இதைத்தான். சுருதியைப் பிடிக்காமல் விட்டால் காது பழக்கதோஷத்தில் மோகனத்துக்கே ஓடிவிடும்.

அதற்காக ஐந்து சுரம் என்றாலே உரசாது என்று நினைக்கவேண்டாம். உங்கள் ஊர்க் கோணேசர் மேல் சம்பந்தர் பாடிய 'நிரைகழ லரவம்' பதிகத்தின் பண் புறநீர்மை, ஓதுவார்கள் அதைப் பூபாளத்தில் பாடுவார்கள். அதிலும் ஐந்துதான், ச ரி1 க2 ப த1. ஆனால் ச-வும் ரி-யும் ஒட்டி நிற்கின்றன, ப-வும் த-வும் அப்படியே. சி-யையும் அதற்கு வலப்பக்கக் கறுப்புக் கட்டையையும் சேர்த்து அமர்த்தச் சொல்லுங்கள், பல் கூசும். அதையே ஒன்றன்பின் ஒன்றாகப் பாடும்போது பூபாளத்துக்கு அந்த விடிகாலைக் களையைக் கொடுப்பதும் அந்த நெருக்கம்தான்.