மாறுகண்ணுக்கு உடனே ஆபரேஷன் செய்யாமல் ஏன் கண்ணாடி கொடுக்கிறார்கள்?

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. சில மாதங்களாக இடது கண் மூக்குப் பக்கம் திரும்புகிறது. டாக்டர் கண்ணாடி எழுதிக் கொடுத்து, ஆபரேஷனைப் பிறகு பார்க்கலாம் என்கிறார். வீட்டில் பெரியவர்கள், மாறுகண் அதிர்ஷ்டம், வளர வளரச் சரியாகிவிடும் என்கிறார்கள். பெரிய பெண்ணான பிறகு ஒரேயடியாக ஆபரேஷன் செய்துகொள்ளலாமா?

பதில்:

வேண்டாம், தயவுசெய்து காத்திருக்காதீர்கள். கண்ணாடி எழுதிக் கொடுத்த அன்றே உங்கள் டாக்டர் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். என் மகனுக்கும் ஏறக்குறைய இதே வயதில், இதே போல் உள்நோக்கித்தான் கண் திரும்பியது. பெரம்பூரில் எங்கள் தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் அதிர்ஷ்டம் என்றுதான் சொன்னார்கள். கண்ணாடி, கண்ணை மூடும் பேட்ச், அறுவை சிகிச்சை என்று மூன்றையும் அவன் கடந்துவிட்டான். அந்த வரிசை ஏன் அப்படி இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

இந்த வயதில் உள்நோக்கித் திரும்பும் கண்ணுக்குப் பெரும்பாலும் தூரப்பார்வை, அதாவது பிளஸ் பவர் குறைபாடு காரணமாக இருக்கும். எதையும் தெளிவாகப் பார்க்க அந்தக் குழந்தை கண்ணுக்குள் இருக்கும் லென்ஸை அளவுக்கு மீறி முயன்று குவிக்க வேண்டியிருக்கிறது. லென்ஸ் குவியும்போது இரு கண்களும் கூடவே உள்ளே திரும்புவது இயற்கையின் ஏற்பாடு. முயற்சி அதிகமானால் திரும்பலும் அதிகமாகும். பிளஸ் பவர் கண்ணாடி அந்தப் பாரத்தைச் சுமந்துகொள்வதால் கண் தானே நேராகிறது. சில குழந்தைகளுக்குக் கண்ணாடியிலேயே முழுவதும் நேராகிவிடும். அவர்களுக்குக் கத்தி தேவையில்லை. கண்ணாடி போட்ட பிறகும் எவ்வளவு மிஞ்சுகிறதோ அந்த அளவுக்கு மட்டும்தான் ஆபரேஷன். அவசரப்பட்டு மொத்தத்துக்கும் செய்துவிட்டால் பின்னாளில் கண் வெளிப்பக்கம் ஒதுங்கிவிடும் அபாயம் உண்டு.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கண்ணாடியைக் கழற்றியதும் கண் முன்பைவிட அதிகமாகத் திரும்புவது போலத் தெரியும். கண்ணாடிதான் கெடுத்துவிட்டது என்று நினைத்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். கண் ஓய்வுக்குப் பழகிவிட்டதால்தான் அப்படித் தெரிகிறது. குளிக்கும்போதும் தூங்கும்போதும் தவிர மூக்கிலிருந்து கண்ணாடி இறங்கக் கூடாது.

பெரியவளான பிறகு செய்யலாமா என்று கேட்டீர்கள். கண்ணை நேராக்கும் அறுவை சிகிச்சையை எந்த வயதிலும் செய்யலாம், ஐம்பது வயதிலும் செய்கிறார்கள். பார்வை அப்படிக் காத்திருக்காது. இரு கண்களும் வெவ்வேறு திசையில் பார்த்தால் மூளைக்கு இரண்டு பிம்பங்கள் போகின்றன. குழந்தையின் மூளை குழப்பத்தைத் தவிர்க்க, திரும்பிய கண்ணின் பிம்பத்தை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண்ணில் பார்வை வளராமலே நின்றுவிடும். இதைத்தான் சோம்பேறிக் கண் என்கிறார்கள். ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை பெற்றால் நன்றாக மீளும். அதற்குப் பிறகும் ஓரளவு முடியும், ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கடினமாகிக்கொண்டே போகும். இருபது வயதில் திருமணப் பேச்சு வரும்போது ஆபரேஷன் செய்துகொண்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன். கண் அழகாக நேராகிவிட்டது, அந்தக் கண்ணால் பஸ் எண்ணைப் படிக்க முடியவில்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமைதான்.

அதனால்தான் பேட்ச். நன்றாகப் பார்க்கும் கண்ணை மூடி, பலவீனமான கண்ணை வேலை செய்ய வைப்பார்கள். பலருக்கு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் போதும். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சென்னை வெயிலில் வியர்த்து பேட்ச் உரிந்துவிடும், தோல் சிவக்கும். நாங்கள் மாலையில் மின்விசிறிக்கடியில் உட்காரவைத்துத்தான் போடுவோம். பாட்டி எதிரில் அமர்ந்து பல்லாங்குழி ஆடுவார்கள்; புளியங்கொட்டைகளை எண்ணும் சுவாரசியத்தில் அவன் பேட்ச்சை மறந்துவிடுவான். பேட்ச் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளுக்கு நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டுமருந்து விட்டு மங்கலாக்கும் முறையும் உண்டு.

இனி ஆபரேஷன். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் அசைக்கின்றன. 1839-இல் பெர்லினில் டீஃபன்பாக் என்ற மருத்துவர் ஒரு சிறுவனுக்கு முதன்முறையாக வெற்றிகரமாகச் செய்தபோது உட்புறத் தசையை வெட்டிவிட்டார், அவ்வளவுதான். இன்று அந்தத் தசையைக் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து பிரித்து, சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளி, தானே கரையும் நூலால் தைக்கிறார்கள். கண்ணை வெளியே எடுப்பார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதை நம்பாதீர்கள். லேசரும் இல்லை. தைக்கும் இடத்தில் வெண்படலம் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இருக்காது. எனவே இதற்கென்றே பயிற்சி பெற்ற, குழந்தைகளுக்கான மாறுகண் மருத்துவரிடம் போங்கள். திரும்புவது ஒரு கண்ணாக இருந்தாலும் இரண்டு கண்களிலும் செய்யலாம் என்பார்கள். திருத்தத்தைப் பகிர்ந்து கொடுப்பதற்காகத்தான் அது.

குழந்தைகளுக்கு முழு மயக்கம் தேவை. கண் தசையை இழுக்கும்போது இதயத் துடிப்பு குறையலாம் என்பதால் மயக்க மருத்துவர் அதைக் கவனித்துக்கொண்டே இருப்பார்; இழுப்பதை விட்டதும் பெரும்பாலும் துடிப்பு திரும்பிவிடும். எங்கள் மகன் அன்று மாலை வாந்தி எடுத்தான், அதுவும் இந்த ஆபரேஷனில் சகஜம். கண் சில வாரங்கள் சிவந்திருக்கும். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, நீச்சல், கடலில் இறங்குவது எல்லாம் டாக்டர் சொல்லும்வரை கூடாது. சிலருக்கு இரண்டாவது முறை செய்ய நேரிடும், அதற்கும் மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். கண்ணாடியும் தொடரும். உறவினர்கள் "ஆபரேஷன் செய்தும் கண்ணாடியா?" என்று கேட்பார்கள். தசையைத்தான் மாற்றினார்கள், பவரை இல்லை என்று நான் சொல்லிவிடுவேன்.

தானே சரியாகும் என்ற பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. சில கைக்குழந்தைகளுக்கு மூக்குப்பாலம் அகன்றிருப்பதால் மாறுகண் போலத் தோன்றும். முகம் வளர்ந்ததும் அந்தத் தோற்றம் போய்விடும். உண்மையான மாறுகண் அப்படிப் போவதில்லை. இதைவிட முக்கியமானது, அரிதாகவேனும் விழித்திரைப் புற்றுநோய்க் கட்டியின் முதல் அடையாளமே கண் திரும்புவதாக இருக்கலாம். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால் அன்றே ஓடுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டுமருந்து விட்டு விழித்திரை வரை பார்த்தார்களா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது கருத்து வேண்டுமானால், 1819-இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை எழும்பூரில் இருக்கிறது. செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. போகும்போது பழைய கண்ணாடிச் சீட்டையும், பிறந்ததிலிருந்து எடுத்த நான்கைந்து புகைப்படங்களையும் கொண்டு போங்கள். கண் எப்போது திரும்பத் தொடங்கியது என்பதை அவை நம் நினைவைவிடச் சரியாகச் சொல்லும்.