வெஸ்ட்மின்ஸ்டரில் பயிற்சி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

லண்டனில் பொதுக்கொள்கை முதுகலை படித்தபோது, பாடத்திட்டத்தின் பகுதியாக, வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் பயிற்சி பெற்றது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பயிற்சி மாணவர்களுக்கு உண்மையிலேயே பொறுப்பான வேலை தருவார்களா? நகல் எடுப்பதும் தொலைபேசியை எடுப்பதும்தான் வேலை என்று கேள்விப்பட்டேனே. (கல்லூரி மாணவி, மதுரை)

தொலைபேசியை எடுப்பது நிச்சயமாக உண்டு. ஆனால் அதைச் சிறிய வேலை என்று எண்ணிவிடாதீர்கள். ஓர் உறுப்பினரின் அலுவலகத்துக்கு அன்றாடம் வரும் மின்னஞ்சல்களையும் கடிதங்களையும் முதலில் படிப்பவர்களில் பயிற்சி மாணவரும் ஒருவர். எழுதியவரின் முகவரியையும் அஞ்சல் குறியீட்டையும்தான் முதலில் பார்க்கவேண்டும். ஏனெனில் ஓர் உறுப்பினர் தம் தொகுதி மக்களின் குறைகளை மட்டுமே கையில் எடுப்பார். அடுத்த தொகுதிக்காரரின் மனுவை அந்தத் தொகுதி உறுப்பினருக்கே அனுப்பிவிட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பாகப் பின்பற்றப்படும் மரபு. அடுத்ததாக, ஏதேனும் ஓர் அமைப்பு தயாரித்துக் கொடுத்த வாசகத்தை நூற்றுக்கணக்கானோர் அப்படியே அனுப்பும் பிரசார மின்னஞ்சல்களையும், ஒருவர் தம் துயரத்தைத் தாமே எழுதியனுப்பிய கடிதங்களையும் பிரித்து வைக்கவேண்டும்.

எடுத்துக்காட்டாக, பொது வாடகைக் குடியிருப்பில், அதாவது உள்ளாட்சியோ வீட்டுவசதிச் சங்கமோ வாடகைக்கு விடும் வீட்டில், வசிக்கும் ஒரு தாய், படுக்கையறைச் சுவரில் ஈரம் கசிந்து பூஞ்சணம் படர்ந்திருப்பதாகவும் குழந்தைக்கு இருமல் நிற்கவில்லை என்றும் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டைப் பழுதுபார்க்க உத்தரவிடும் அதிகாரம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு இல்லை. அவர் வீட்டுவசதி நிர்வாகத்துக்குக் கடிதம்தான் எழுதமுடியும். அந்தக் கடிதத்துக்கு வலுச் சேர்ப்பவை தேதிகள்: முதல் புகார் எப்போது கொடுக்கப்பட்டது, யார் வந்து பார்த்தார்கள், என்ன வாக்குறுதி தந்தார்கள், மருத்துவர் என்ன எழுதிக் கொடுத்தார் என்பவை. மூன்று பக்கக் கண்ணீருக்குள் சிதறிக் கிடக்கும் இந்த விவரங்களைப் பொறுமையாகத் தேடி, வரிசைப்படுத்தி, ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலையாக இருந்தது. இது எழுத்தர் வேலைபோலத் தோன்றலாம். நான் அப்படிக் கருதவில்லை. இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை பூஞ்சணம் படர்ந்த வீட்டில் வசித்து 2020 டிசம்பரில் இறந்தது. பூஞ்சணமே அதற்குக் காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அதன் விளைவாக, பொது வாடகை வீடுகளின் உரிமையாளர்கள் இத்தகைய கேடுகளைக் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற கடமை 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அந்தப் பெற்றோரும் வீட்டு நிர்வாகத்திடம் முன்கூட்டியே முறையிட்டவர்கள்தான் என்பது தெரிந்த பிறகு, பூஞ்சணம் என்ற சொல் வரும் எந்தக் கடிதத்தையும் மறுநாளைக்கு என்று ஒதுக்கி வைக்க எனக்கு மனம் வந்ததில்லை.

இன்னொன்றையும் நம் மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். இந்தியா உள்ளிட்ட காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் உரிய விசாவுடன் பிரிட்டனில் வசித்தால், அங்கு நடக்கும் பொதுத்தேர்தலில் வாக்காளராகப் பதிவு செய்து வாக்களிக்கலாம். ஆகவே படிக்கப் போன இந்திய மாணவர் ஒருவர் தம் தொகுதி உறுப்பினருக்கு எழுதும்போது, அவர் அந்தத் தொகுதியின் வாக்காளராகவே எழுதலாம். இது தெரியாமல் தயங்கி நிற்பவர்கள் ஏராளம்.

கேள்வி: அமைச்சரிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தயாரித்ததாக எழுதியிருந்தீர்கள். அதற்கு ஏதேனும் விதிமுறை உண்டா? (வழக்கறிஞர், கோயம்புத்தூர்)

பயிற்சியில் நான் மிகுதியாகக் கற்றுக்கொண்டது இதில்தான். அமைச்சருக்கு அனுப்பப்படும் எழுத்துபூர்வக் கேள்விகள் உறுப்பினரின் பெயரில் ‘டேபிள் ஆஃபீஸ்’ என்ற அலுவலகத்துக்குச் செல்லும். அங்குள்ள நடுநிலை அதிகாரிகள் ஒவ்வொரு கேள்வியையும் படித்து, விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கேள்வி ஒரு தகவலைக் கோரவேண்டும் அல்லது ஒரு நடவடிக்கையை வலியுறுத்த வேண்டும். கேட்கப்படும் விஷயம் அந்த அமைச்சரின் பொறுப்புக்குள் வரவேண்டும். உண்மை ஆதாரம் இருக்கவேண்டும். வாதமோ குற்றச்சாட்டோ கேள்விக்குள் நுழையக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் கேள்வி திரும்பி வந்துவிடும்.

மேலே சொன்ன தாயின் கடிதத்தைப் படித்தவுடன், “ஏழைகளின் வீடுகளை அரசு ஏன் கண்டுகொள்ளவில்லை?” என்று கேட்கத்தான் கை துடிக்கும். அந்த அலுவலகம் அதை ஏற்காது. ஏற்றாலும், அரசு கண்டுகொள்வதாக ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டு அமைச்சர் நகர்ந்துவிடுவார். அதையே, “பொது வாடகை வீடுகளில் ஈரக்கசிவு குறித்த புகார்கள் எவ்வளவு காலத்தில் தீர்க்கப்படுகின்றன என்பதைத் தமது துறை எவ்வாறு கண்காணிக்கிறது, கடந்த மதிப்பீடு எப்போது செய்யப்பட்டது?” என்று கேட்டால் அவர் ஒரு தேதியைச் சொல்லியாகவேண்டும், அல்லது மதிப்பீடே செய்யவில்லை என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டில் எது வந்தாலும் அடுத்த கேள்விக்கு வழி பிறக்கும். கேள்வியை அளவுக்கு மீறி விரிப்பதிலும் ஆபத்து உண்டு. பதிலைத் திரட்ட 850 பவுண்டுக்கு மேல் செலவாகும் என்றால், அந்தக் காரணத்தைச் சொல்லியே அமைச்சர் பதிலளிக்க மறுக்கலாம். ஆகவே எல்லா ஊர்களுக்கும் எல்லா ஆண்டுகளுக்கும் கணக்குக் கேட்பதைவிட, கையில் உடனே இருக்கக்கூடிய ஒரு கணக்கைக் கேட்பதே பயன் தரும்.

இந்த வேலையில் எங்களுக்குப் பெருந்துணையாக இருந்தது காமன்ஸ் சபை நூலகம். எந்தக் கட்சியையும் சாராத ஆய்வாளர்கள் சட்டமுன்வரைவுகளையும் கொள்கைகளையும் விளக்கி அங்கே எழுதும் குறிப்புகள் இணையத்தில் எவரும் படிக்கும்படி இலவசமாக வெளியிடப்படுகின்றன. சட்டம் படிப்பவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் இவற்றைப் படிக்கவேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

கேள்வி: அவை நடவடிக்கைகளை நேரில் பார்த்தீர்களா? தொலைக்காட்சியில் பார்ப்பதுபோலக் கூச்சல்தானா? வாக்கெடுப்பு மணி ஒலித்தால் என்ன நடக்கும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

பார்த்தேன், ஐயா. புதன்கிழமை நண்பகலில் நடக்கும் பிரதமர் கேள்வி நேரம்தான் உலகெங்கும் ஒளிபரப்பாகிறது. அதில் கூச்சல் உண்டு. 650 உறுப்பினர்கள் உள்ள அவையில் சுமார் 427 பேருக்கே இருக்கை இருப்பதால், அன்று பலர் நுழைவாயிலருகே நெருக்கியடித்து நிற்பார்கள். 1941-இல் ஜெர்மானியக் குண்டுவீச்சில் அழிந்த அவைக்கூடத்தை மீண்டும் கட்டியபோது, அது சிறியதாகவே இருக்கவேண்டும் என்று சர்ச்சில் வற்புறுத்தினார். எல்லாருக்கும் இடம் இருந்தால் பெரும்பாலான விவாதங்கள் வெற்றுக் கூடத்தில் நடப்பதாகத் தோன்றும் என்பது அவர் வாதம். நான் சிறப்பாகக் கருதுவது தேர்வுக் குழுக்களின், அதாவது அரசுத் துறைகளின் பணியை ஆராயும் உறுப்பினர் குழுக்களின், விசாரணையை. குதிரை லாட வடிவ மேசையைச் சுற்றி எல்லாக் கட்சியினரும் அமர்ந்து, எதிரே இருக்கும் அதிகாரியிடம் அமைதியான குரலில் ஒரே விஷயத்தை விடாமல் கேட்பார்கள். அங்கே அறிக்கையை வாசித்துத் தப்பிக்க இடமில்லை.

வாக்கெடுப்பு மணியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மணி ஒலித்ததிலிருந்து எட்டு நிமிடங்களில் வாக்களிக்கும் கூடங்களின் கதவுகள் பூட்டப்படும். எங்கள் அறையில் ஒரு வாக்கியத்தின் நடுவே உறுப்பினர் எழுந்து விரைந்து சென்றதும், அவர் திரும்பி வரும்வரை மனு கொடுக்க வந்தவர்களோடு நாங்கள் பேசிக்கொண்டிருந்ததும் வாடிக்கையான காட்சி.

கேள்வி: அதிகாரம் மிகுந்தவர்களோடு இளம்பெண்கள் பணியாற்றும் இடம் அது. பாதுகாப்பு எப்படி? (ஒரு தாய், சேலம்)

நியாயமான கவலை, அம்மா. வெஸ்ட்மின்ஸ்டரில் பணியாற்றிய பலர் 2017-இல் பாலியல் தொல்லை குறித்து வெளிப்படையாகப் பேசினார்கள். அதன் பின்னரே 2018-இல் சுயேச்சையான புகார் விசாரணைத் திட்டம் ஏற்படுத்தப்பட்டது. பயிற்சி மாணவர்களும் அதில் முறையிடலாம். உறுப்பினர்மீதே புகார் கொடுக்கலாம். ஆனால் ஒவ்வோர் உறுப்பினரும் தம் ஊழியர்களுக்குத் தாமே முதலாளி என்பதால், ஓர் அலுவலகத்தின் சூழல் மற்றோர் அலுவலகத்தில் இருக்காது. சேருவதற்குமுன் அங்கே ஏற்கெனவே பணியாற்றியவர்களிடம் நேரடியாகக் கேட்டறியும்படி உங்கள் மகளிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எப்படி விண்ணப்பிப்பது? உதவித்தொகை கிடைக்குமா? நம் நாட்டில் இத்தகைய வாய்ப்பு உண்டா? (பட்டதாரி, திருநெல்வேலி)

இங்கிருந்தபடியே விண்ணப்பித்து நேராகப் போய்ச் சேருவது கடினம். அங்கே படிக்கும் மாணவராக இருந்தால் வழி எளிது. மாணவர் விசாவில் பட்டப்படிப்பு படிப்பவர்கள் பாடக்காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக்கூடாது என்பது பொது விதி. பாடத்திட்டத்தின் அங்கமான பயிற்சிக்குத் தனி விதி உண்டு. அத்தகைய பயிற்சிக்குக் குறைந்தபட்ச ஊதியம் தரவேண்டிய கட்டாயமும் இல்லை. லண்டன் வாடகையைக் கணக்கிட்டுவிட்டு முடிவெடுங்கள். வசதியுள்ளவர்களுக்கே இந்தக் கதவு அகலத் திறக்கிறது என்ற குறை அங்கேயே நெடுநாளாகப் பேசப்படுகிறது, எனக்கும் அந்தக் குறை உண்டு. நாடாளுமன்ற நுழைவு அட்டை பெறப் பாதுகாப்புச் சோதனையும் நடக்கும். அதற்குப் பல வாரங்கள் ஆகலாம் என்பதால் முன்கூட்டியே திட்டமிடவேண்டும்.

விண்ணப்பத்தில் அரசியல் ஆர்வத்தைப் பற்றிப் பொதுவாக எழுதுவதைவிட, அந்த உறுப்பினர் அவையில் எதைப் பற்றிப் பேசியிருக்கிறார் என்பதை அவைக்குறிப்பான ஹான்சார்டில் தேடிப் படித்து, அதிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்து எழுதுங்கள்.

இந்தியாவில், சட்டமியற்றும் அவைகளின் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் அமைப்பு 2010 முதல் நடத்திவரும் ‘லேம்ப்’ திட்டம் இருக்கிறது. எந்தத் துறையில் பட்டம் பெற்ற இளைஞரும் விண்ணப்பிக்கலாம். தேர்வாகிறவர்கள் மழைக்காலக் கூட்டத்தொடர் முதல் வரவுசெலவுத்திட்டக் கூட்டத்தொடர் வரை ஒரு நாடாளுமன்ற உறுப்பினரோடு டெல்லியில் பணியாற்றுவார்கள், மாத உதவித்தொகையும் உண்டு. திருநெல்வேலியிலிருந்து விண்ணப்பிக்கும் உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான்.