சுற்றலுக்கு என்ன பெயர்?

அன்புள்ள ஐயா,

போன மாதம் நீங்கள் எழுதிய பெரிப் படகுப் பயணக் கட்டுரையில், கரை இறங்கிய பின்னும் தரை ஆடியதாக ஒரு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். எனக்கு வயது 41, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மூன்று ஆண்டுகளாகத் தலைசுற்றல். முதல் டாக்டர் காதுக்குள் கல் நகர்ந்துவிட்டது என்றார். அடுத்தவர் மெனியர் என்ற உள்காது நோய் என்றார். மூன்றாமவர் ஒற்றைத் தலைவலியில் ஒரு வகை என்றார். எனக்குத் தலை வலிப்பதே இல்லை. எம்ஆர்ஐ சுத்தம். கடைசியாகப் பார்த்தவர் "ஸ்ட்ரெஸ்தான் டீச்சர்" என்று தூக்க மாத்திரை கொடுத்தார். இந்தத் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலில் படியேறப் பயந்து கீழேயே நின்றுவிட்டேன். இது நோயா, என் மனப்பிரமையா?

வாசகி

அன்புள்ள டீச்சர்,

எம்ஆர்ஐ சுத்தமாக இருப்பதை வைத்து மனப்பிரமை என்று யாரும் சொல்ல முடியாது. கட்டி, பக்கவாதம் போன்றவை இல்லை என்று பார்க்கத்தான் அது. உள்காதில் இடம் மாறிய சுண்ணாம்புத் துகள் அதில் தெரியாது.

நான் டாக்டர் இல்லை. இதே வரிசையில் நின்றவன், அவ்வளவுதான். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு விடியற்காலை, கைப்பேசியை எடுக்க வலப்பக்கம் புரண்டேன். அணைத்து வைத்திருந்த காற்றாடி சுற்றியது. கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி கிடந்தேன். மனைவி பித்தம் என்று இஞ்சி தட்டினார். அரை மணி நேரம் சுற்றியது என்று சத்தியமே செய்திருப்பேன். வெகு நாள் கழித்துத்தான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்: நாற்பது விநாடி.

எனக்கும் மூன்று பெயர் கிடைத்தது. தப்பு டாக்டர்களிடம் மட்டும் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். நாம் "மயக்கம்" என்போம். விழப்போவதும் அதுதான், சுற்றுவதும் அதுதான். மலாயில் "பெனிங்" என்றால் தலைவலியா கிறுகிறுப்பா என்று கேட்பவர்தான் ஊகிக்க வேண்டும். எழுத்தாளன் என்ற திமிரில் நான் உவமைகளாக அள்ளிக்கொண்டு போனேன்: சம்பான் படகில் நிற்பது மாதிரி, ஈரப் பஞ்சின் மேல் நடப்பது மாதிரி. நான்காவது டாக்டர் கையை உயர்த்தினார். "மாதிரி வேண்டாம். எவ்வளவு நேரம்? என்ன செய்தபோது வந்தது?"

அந்த இரண்டு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு, அவற்றைக் குறித்து வைக்க ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம் வாங்கினேன்.

படுக்கையில் புரளும்போது வந்து ஒரு நிமிடத்துக்குள் நின்றால், பெரும்பாலும் அந்தத் துகள்தான். தலையைத் தொங்கவிட்டுப் படுக்கவைத்துக் கண்ணைப் பார்ப்பார்கள், கண்மணி துடிக்கும். பிறகு தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோவார்கள். எப்லி முறை என்று பெயர், மாத்திரையே வேண்டாம். மெனியர் என்றால் 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை, கூடவே ஒரு காது அடைக்கும், இரையும், கேட்பது ஏறி இறங்கும். அதைச் செவிப்புலன் சோதனையில் பிடிக்க வேண்டும். சுற்றல் வந்த கையோடு எடுத்தால் நல்லது. ஒற்றைத் தலைவலி வகை 5 நிமிடத்திலிருந்து 72 மணி நேரம் வரை போகும், சில தடவை தலை வலிக்காமலே வரும். வெளிச்சமும் சத்தமும் அப்போது தாங்காது.

கணக்கு டீச்சராக இருந்தால் இந்நேரம் பார்த்திருப்பீர்கள்: பின்னால் சொன்ன இரண்டின் நேரமும் ஒன்றுக்குள் ஒன்று விழுகிறது. டாக்டர்கள் தடுமாறுவது அங்கேதான். ஒரே ஆளுக்கு இரண்டும் இருப்பதும் உண்டு. பெயர்களும் ஒன்றும் பழையவை அல்ல. இந்தச் சுற்றல் காதிலிருந்து வரலாம் என்று பாரிஸில் மெனியர் என்ற டாக்டர் சொன்னதே 1861-இல்தான். அதுவரை மூளையில் ரத்தம் தேங்குவதாக நினைத்தார்கள். ஒற்றைத் தலைவலி வகைக்கு வரையறை வந்தது 2012-இல். மூன்று மாதத்துக்கு மேல் அநேகமாகத் தினமும் ஆட்டம், நின்றால் கூடும், பேரங்காடியின் நீள வரிசைகளைப் பார்த்தால் இன்னும் கூடும் என்கிற வகைக்கு 2017-இல். உங்கள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைவிட இளையது.

எனக்கு ஒட்டிக்கொண்டது அந்தக் கடைசி வகை. குளிர்பெட்டிக் கதவில் நாள்காட்டித் தாள் ஒன்றை ஒட்டி, எண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்டச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட். முதல் வாரம் வாந்தி வந்தது. மூன்றாம் மாதம் பசாருக்குத் தனியாகப் போனேன். ஆட்டம் இன்றும் முழுசாகப் போகவில்லை. சுற்றலை அடக்கும் மாத்திரை முதல் சில நாளுக்கு நல்லது. மாதக் கணக்கில் விழுங்கினால் மூளை தானே பழகிக்கொள்வது தாமதமாகும். தூக்க மாத்திரையைப் பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். ஒன்று மட்டும்: திடீரென்று பேச்சு குழறினால், இரண்டு இரண்டாகத் தெரிந்தால், கை கால் மரத்தால், நிற்கவே முடியாமல் போனால் நோட்டைத் தேடாதீர்கள், நேரே அவசரப் பிரிவு.

தண்ணீர்மலைக்கு 513 படி. கீழே நின்று கும்பிட்டதற்கு முருகன் குறைந்த மதிப்பெண் போடமாட்டான்.

அடுத்த முறை சுற்றும்போது, கண்ணை மூடாமல், வீட்டில் யாரையாவது விட்டுக் கைப்பேசியில் உங்கள் கண்களைக் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். என் மனைவி முதலில் எடுத்ததில் மூக்கும் காற்றாடியும்தான் இருந்தன. இரண்டாம் தடவை கண் கிடைத்தது. டாக்டர் அதை மூன்று முறை ஓடவிட்டுப் பார்த்தார்.